சிப்பிகளின் அரசன்

கொற்கை முத்தின் சிறப்பைச் சங்கப் பாடல்கள் வாயிலாக மாணவ நண்பர்கள் அறிவீர்கள். முத்துச்சிப்பியைப் பண்டைக் கிரேக்கர்கள் ஒரு சிறு பூச்சியோடு ஒப்பிட்டனர் என்பதைப் பலர் அறியார். அப்பூச்சி தேனீ.

கி.மு. 300ஆம் ஆண்டையொட்டிச் சந்திரகுப்த மௌரியரின் அவைக்குத் தூதராக வந்த கிரேக்கர் மெகஸ்தனிஸ். அவர் எழுதிய நூல் மறைந்துவிட்டது. எனினும், கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான அர்ரியன் அதிலிருந்து சில செய்திகளை எடுத்துக் கூறியுள்ளார். முத்துச்சிப்பிகள் தேனீக்களைப்போலக் கூட்டமாக வாழ்கின்றன. அவற்றிற்கும் ஓர் அரசனோ அரசியோ உண்டு. அரசன் அகப்பட்டால் எஞ்சியவற்றை எளிதில் வலையிட்டுப் பிடிக்கலாம். அவன் தப்பினால் மற்றவை அகப்படா என்பது அவற்றுள் ஒன்று. முத்தினை அதன் எடையைப்போல் மும்மடங்கு தூய பொன்னுக்கு ஈடாக இந்தியர் மதித்தனர் என்றும் அவர் உரைக்கிறார்.

தேனீயைக் கிரேக்கர் 'மெலிஸ்ஸா' என்றனர். தேனைக் குறிக்கும் 'மெலி' என்னும் சொல்லோடு உறவுடையது அது. கூட்டின் தலைமை ஈயை 'பசிலெயுஸ்', அதாவது அரசன், என்றே வழங்கினர். அது முட்டையிடும் பெண் ஈ என்பது 17ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. தம் ஊர்த் தேன்கூட்டுக்கு வழங்கிய சொற்களையே அவர்கள் கடலடிச் சிப்பிக்கும் சூட்டினர்.

இக்கதையைக் கேட்டு நகைத்துவிடுதல் எளிது. ஆயினும் அதனுள் மெய்யும் உண்டு. தூத்துக்குடிக்கு அப்பால் கடலடியிலுள்ள பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பர். அங்கே சிப்பிகள் நூல்போன்ற இழைகளால் பாறையைப் பற்றிக்கொண்டு கூட்டங்கூட்டமாகவே வாழ்கின்றன. கல் கட்டிய கயிற்றின் துணையால் மூழ்கியோர், அவற்றைக் கையால் பறித்து வலைப்பையில் இட்டனர். மெகஸ்தனிஸ் கேள்வியுற்ற வலை இப்பையே போலும் என்று நான் எண்ணுகிறேன்.

அரசன் தப்பிய கதைக்குப் பொருள் என்ன? ஓராண்டில் பார் நிறையச் சிப்பி. பின்னர்ப் பல்லாண்டுகள் ஒன்றுமில்லை. இஃது இக்கரையின் பழந்துயர். சிப்பியின் இளவுயிர்கள் சில வாரங்கள் நீரில் மிதந்து திரிந்து, நீரோட்டம் சேர்த்த இடத்தில் பற்றிக்கொள்கின்றன. மணல் மூடினாலும், மீன்கள் தின்றாலும் பார் வெறுமையாகும். இதனை அறியாத காலத்தில், 'அரசன் தப்பினான்' என்பது ஒரு விடையாகத் தோன்றியிருக்கலாம். 1961ஆம் ஆண்டுக்குப் பின் தூத்துக்குடியில் முத்துச் சலாபம் நடைபெறவில்லை.

கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்னும் நூல், கொற்கையைக் 'கொல்கோய்' என்று குறிக்கிறது. பாண்டியனுக்கு உட்பட்ட அவ்விடத்தில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் முத்துக்குளித்தனர் என்றும் சொல்கிறது. அர்ரியன் தரும் கதையில் சிப்பிக்கு ஓர் அரசன் இருக்கிறான். மூச்சடக்கி மூழ்கிய மனிதன் இல்லை. பழைய நூல்களைப் பயிலும் மாணவர்கள், எழுதியவர் எதனைக் கண்டார் என்று கேட்பதோடு, யாரைக் காணாது விட்டார் என்றும் கேட்டல் வேண்டும்.