முதல் உறைமோர்

பால் தயிராக வேண்டுமானால் உறை ஊற்ற வேண்டும். உறை ஊற்றவோ ஏற்கெனவே தோய்ந்த தயிர் சிறிதேனும் வேண்டும். அது இல்லாத நாளில் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்டியாக வேண்டும். கணிப்பொறி உலகிலும் இதைப் போன்ற சிக்கல் ஒன்று உண்டு. எங்கோ தொலைவிலுள்ள ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளைச் சீராக வைத்துக் கொள்வதற்காக, அவை ஒவ்வொன்றிலும் ஒரு சிறு நிரலைக் குடியமர்த்துகிறார்கள். அதற்கு முகவர் என்று பெயர். மற்ற மென்பொருள்களையெல்லாம் முகவர் நிறுவிவிடும். ஆனால், முகவரை நிறுவுவது யார்? இக்கேள்விக்கு விடை தேடிய வரலாற்றைக் காண்போம்.

நோயறியும் நிரல்

1990-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகங்களில் யூனிக்ஸ் கணிப்பொறிகள் பெருகின. ஒவ்வொரு நிறுவனம் செய்த யூனிக்சும் சிறிது வேறுபட்டிருந்ததால், ஒன்றில் செல்லும் கட்டளை மற்றொன்றில் செல்லவில்லை. அவற்றைப் பராமரிப்பவர் பாடு திண்டாட்டமாயிற்று. நார்வே நாட்டின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து வந்த மார்க் பர்ஜெஸ் என்னும் இயற்பியலறிஞர், 1993-ஆம் ஆண்டில் இதற்கென ஒரு மென்பொருளைப் படைத்தார். சி.எஃப். எஞ்சின் என்பது அதன் பெயர்.

அதன் அடிப்படைக் கருத்து எளியது, ஆனால் ஆழமானது. "இதைச் செய், பிறகு அதைச் செய்" என்று கணிப்பொறிக்குக் கட்டளையிடுவதில்லை. "இந்த நிலையில் இரு" என்று சொல்லிவிடுவதுதான் முறை. தானியங்கி இஸ்திரிப் பெட்டி சூடு குறைந்தால் தானே மின்சாரத்தை ஏற்கிறது, மிகுந்தால் நிறுத்துகிறதல்லவா? அதுபோலவே முகவரும் அவ்வப்போது விழித்து, இருக்கும் நிலையையும் இருக்க வேண்டிய நிலையையும் ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாட்டை மட்டும் சரிசெய்கிறது. 1998-இல் பர்ஜெஸ் எழுதிய கட்டுரை ஒன்று, இதனை உடலின் நோய்த்தடுப்பு ஆற்றலோடு ஒப்பிட்டது.

பூட்டிய குழாய்

முகவரை நிறுவ வேண்டுமானால் முதலில் தொலைவிலுள்ள கணிப்பொறிக்குள் நுழைய வேண்டும். டெல்நெட் என்ற பழைய முறையில் கடவுச்சொல் எந்த மறைப்புமின்றிக் கம்பிவழியே சென்றது. இடையில் ஒட்டுக்கேட்பவனுக்கு அது எளிதில் கிட்டும். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலைப்பின்னலில் அவ்வாறே கடவுச்சொற்கள் திருடப்பட்டன. இதைக் கண்ட டாட்டு யூலோனென், 1995-இல் எஸ்.எஸ்.எச். என்ற முறையை ஆக்கினார். இதில் செல்லும் செய்தி முழுவதும் மறைக்குறியீடாக மாற்றப்படுகிறது. அதன்பின் முகவரை அனுப்புவதற்கு இதுவே வழக்கமான வழியாயிற்று.

அந்நியரை நம்பலாமா?

வழி கிடைத்துவிட்டது. ஆனால், வேறொரு கேள்வி எழுந்தது. முகவர் தலைமைக் கணிப்பொறியிடம் சென்று, "நான் உங்கள் கூட்டத்தைச் சேர்ந்தவன், எனக்குரிய விவரங்களைத் தாருங்கள்" என்று கேட்கிறது. அவ்விவரங்களில் தரவுத்தளத்தின் கடவுச்சொல் போன்ற இரகசியங்களும் இருக்கலாம். கேட்பவன் நம்மவனா, திருடனா என்று எப்படி அறிவது?

2005-ஆம் ஆண்டில் லூக் கேனிஸ் வெளியிட்ட பப்பெட் என்ற மென்பொருள் இதற்கு ஒரு விடை தந்தது. அதன் முகவர் முதன்முறை இயங்கும்போது தனக்கென ஒரு சாவியை உண்டாக்கிக் கொண்டு, சான்றிதழ் வேண்டி விண்ணப்பிக்கும். நிர்வாகி அதைப் பார்த்துக் கையொப்பமிட்டால்தான் தலைமைக் கணிப்பொறி விவரங்களைத் தரும். அதன்பின் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முகவர் வந்து கேட்டுச் செல்லும்.

பத்துக் கணிப்பொறிகள் இருக்கும் இடத்தில் இது நல்ல முறையே. ஆனால், 2006 ஆகஸ்டில் அமேசான் நிறுவனம் கணிப்பொறிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. சில நிமிடங்களில் ஒரு சர்வர் பிறந்தது. வேலை முடிந்ததும் மறைந்தது. நள்ளிரவில் நிரல் ஒன்று ஐம்பது சர்வர்களை உண்டாக்கும்போது கையொப்பமிட யார் விழித்திருப்பார்? "யார் வந்தாலும் தானே கையொப்பமிடு" என்று பணித்துவிட்டாலோ, அந்நியனும் உள்ளே வந்துவிடுவான்.

ஒரு சாவி, பல கைகள்

2009-இல் வெளிவந்த செஃப் என்ற மென்பொருள், நிறுவும் வேலை முழுவதையும் ஒரே கட்டளைக்குள் அடக்கியது. அது முதலில் எஸ்.எஸ்.எச். வழியே புதிய சர்வருக்குள் நுழையும். அங்குள்ள இயக்க முறை எது என்று கண்டு, அதற்கேற்ற முகவரை இறக்கி நிறுவும். பிறகு தலைமைக் கணிப்பொறியின் முகவரியையும், பொதுச் சாவி ஒன்றையும் எழுதி வைக்கும். இறுதியில் முகவரை இயக்கும். முகவர் அப்பொதுச் சாவியைக் காட்டிப் பதிவு செய்துகொண்டு, தனக்கென வேறு சாவி பெறும்.

இங்கேதான் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. பதிவு முடிந்த பின்னும் பொதுச் சாவி ஒவ்வொரு சர்வரிலும் கிடந்தது. ஒரு சர்வரில் நுழைந்த திருடன் அதை எடுத்து, தன் கணிப்பொறியையும் அக்கூட்டத்தில் சேர்த்துவிட முடியும். ஆகவே, பதிவானதும் அதை அழித்துவிடுமாறு அறிவுறுத்தினர். பின்னர் வந்த பதிப்புகளில் பொதுச் சாவியின் தேவையே நீங்கியது. நிர்வாகியின் கணிப்பொறியே ஒவ்வொரு சர்வருக்கும் தனிச் சாவியைப் பெற்றுத் தந்தது.

வேறு வழிகளும் தோன்றின. சர்வர் பிறக்கும்போதே படிக்க வேண்டிய குறிப்பை அதனுடன் அனுப்பிவிடுவது ஒன்று. உபுண்டு லினக்ஸ் குழுவில் உருவான கிளவுட்-இனிட் நிரல் இவ்வகையில் புகழ்பெற்றது. ஆனால், அக்குறிப்பில் இரகசியம் எழுதினால் அந்தச் சர்வரில் இயங்கும் பிற நிரல்களும் அதைப் படித்துவிடக் கூடும். முகவரை முன்னரே அடக்கிய அச்சுப்படிவத்திலிருந்து சர்வர்களை வார்த்தெடுப்பது மற்றொன்று. அதிலும் கவனம் தேவை. முகவரின் சாவியையும் சேர்த்து வார்த்துவிட்டால், எல்லாச் சர்வர்களும் ஒரே பெயருடையனவாகிவிடும்!

2012-இல் மைக்கேல் டீஹான் வெளியிட்ட ஆன்சிபிள், முகவரே வேண்டாம் என்றது. எஸ்.எஸ்.எச். ஒன்றே போதும் என்பது அதன் கொள்கை. ஆயினும் எஸ்.எஸ்.எச். சாவி போன்ற நுழைவுரிமை முன்னதாகவே அங்கே இருந்தாக வேண்டும். பெரும்பாலான வேலைகளுக்குப் பைத்தான் மொழியும் இருக்க வேண்டும். சர்வர்களை உண்டாக்கும் டெராஃபார்ம் என்ற மென்பொருளும், செஃப், பப்பெட் முகவர்களை நிறுவித் தந்த தன் உறுப்புகளை 2021-இல் நீக்கிவிட்டு, பிறப்புக் குறிப்பையும் அச்சுப்படிவத்தையுமே பரிந்துரைத்தது.

இவ்வரலாறு உணர்த்துவது என்ன? முதல் நம்பிக்கையை எந்தக் கருவியும் வெறுமையிலிருந்து உண்டாக்கவில்லை. கையொப்பமாகவோ, சாவியாகவோ, பிறப்புக் குறிப்பாகவோ அதை இடம் மாற்றி வைத்தது, அவ்வளவே. ஆகவே, ஒரு கருவி எவ்வளவு விரைவாக வேலை செய்கிறது என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அதன் முதல் சாவி எங்கே இருக்கிறது, யார் கண்ணில் படும் என்றும் கேட்க வேண்டும். பாற்குடங்கள் ஆயிரமானாலும், முதல் உறைமோர் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லதன்றோ?