உப்புத் தண்ணீர்

சென்ற வருஷம் ஒரு நண்பரின் கட்டிலருகே இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேல் தொங்கிய பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக அவர் உடம்புக்குள் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. "என்ன மருந்து அம்மா இது?" என்று நர்ஸைக் கேட்டேன். "உப்புத் தண்ணீர்தான் ஸார்!" என்றார். பூ, இவ்வளவுதானா என்று நினைத்தேன். பிறகு அதன் கதையைப் படித்து வெட்கப்பட்டேன்.

1831இல் இங்கிலாந்தில் காலரா புகுந்தது. ஓஷானஸி என்ற இளம் டாக்டர் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தார். நீர், உப்பு, காரம் மூன்றும் குறைந்திருந்தன. எங்கே போயின? பேதியோடு போயிருந்தன. போனதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார் அவர்.

கொடுத்துப் பார்த்தவர், ஸ்காட்லாந்தில் லீத் நகரத்து டாக்டர் தாமஸ் லாட்டா. 1832இல், சாகும் தறுவாயிலிருந்த ஒரு கிழவியின் இரத்தக் குழாயில் உப்பு நீரைச் செலுத்தினார். அதில் கொஞ்சம் சோடா உப்பும் கலந்திருந்தார். அரை மணியில் 6 பைன்ட், அதாவது 3 லிட்டருக்குக் குறையாமல், உள்ளே போயிற்று. கிழவி தெளிவாகப் பேசினாள். கொஞ்சம் தூங்கினால் போதும் என்றாள்! லாட்டா நிம்மதியாக வெளியே போனார். பேதி மறுபடி கண்டது. ஐந்தரை மணி நேரத்தில் கிழவி இறந்துபோனாள். இன்னும் கொடுத்திருக்க வேண்டும் என்று லாட்டா உணர்ந்தார். பின்னால் வந்தவர்களில் சிலர் பிழைத்தார்கள். 1833இல் அவரும் காலமானார். அவர் முறையும் மறக்கப்பட்டது.

அந்தச் சோடா உப்பு எதற்கு? நம் இரத்தம் சற்றே காரத்தன்மை உடையது. பேதியில் காரம் போய்விட்டால் அமிலத்தின் கை ஓங்கும், மூச்சு வாங்கும். வெறும் உப்பு நீர் வற்றிய உடலை நிரப்புமே தவிர, போன காரத்தைத் தராது. அதில் குளோரைடின் அளவு 154 என்றால், இரத்தத்தில் சுமார் 100தான். அளவு மீறி ஏற்றினால் அதுவே இரத்தத்தை அமிலப் பக்கம் தள்ளிவிடும். அந்த நீருக்கு 'நார்மல்' என்று பெயர் வைத்தார்களே!

1932இல் அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகரத்துக் குழந்தை வைத்தியர் ஹார்ட்மன், உப்பு நீரில் லாக்டேட் சேர்த்தார். ஈரல் அதைக் காரமாக மாற்றிக்கொள்ளும். லாட்டா சோடா உப்புக் கலந்து சரியாக நூறு வருஷம் ஆகியிருந்தது.

என் நண்பர் பிழைத்துக்கொண்டார். இப்போது ஆஸ்பத்திரிக்குப் போனால், பாட்டில் மேல் எழுதியிருப்பதைப் படிக்கிறேன். லாக்டேட் என்று கண்டால் அந்தக் கிழவியின் ஞாபகம் வருகிறது. கொஞ்சம் தூக்கம்தானே கேட்டாள், பாவம்!