'திரிஃப்ட்': செழிப்பு சிக்கனமான கதை

ஊதாரியை ஆங்கிலத்தில் 'ஸ்பெண்ட்திரிஃப்ட்' என்பார்கள். 'ஸ்பெண்ட்' என்றால் செலவழித்தல். 'திரிஃப்ட்' என்றால் சிக்கனம். சிக்கனத்தை எப்படிச் செலவழிப்பது? இன்றைய பொருளோடு நின்றுவிட்டால் இந்தக் கூட்டுச்சொல்லின் முடிச்சு அவிழாது. ஏறத்தாழ 1600இல் இது வழக்குக்கு வந்தபோது, 'திரிஃப்ட்' தேடிச் சேர்த்த செல்வத்தையும் குறித்தது. அதைக் கரைத்தவனே ஊதாரி.

சொல்லின் வேர் பழைய நார்ஸ் மொழியில் இருக்கிறது. பற்றிப் பிடித்தலைச் சுட்டும் 'த்ரீஃபா' என்ற வினையிலிருந்து தழைத்தலைச் சுட்டும் வடிவம் பிறந்தது. ஆங்கிலத்தின் 'த்ரைவ்', 'திரிஃப்ட்' இரண்டும் அந்த வழியில் வந்தவை. இடைக்கால ஆங்கிலத்தில் 'திரிஃப்ட்' வளத்தையும் நற்பேற்றையும் குறித்தது. இடைக்காலக் கவிஞர் சாசரின் கதைமாந்தர் அதன்மேல் ஆணையிட்டுப் பேசுவதுண்டு. ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தில் ஷைலாக் தன் கடன் தொழிலின் ஆதாயத்துக்கு இச்சொல்லையே ஆள்கிறான். வணிகன் அந்தோனியோ 'வட்டி' என்று பழிப்பது, ஷைலாக்குக்கு உழைத்துப் பெற்ற 'திரிஃப்ட்'.

ஷேக்ஸ்பியர் பிறந்த நூற்றாண்டிலேயே சிக்கனம் என்ற பொருளும் தோன்றிவிட்டது. பயனின் பெயர் அதற்கான வழியின்மேல் ஏறிக்கொண்டது. பின்னாளில் வழி மட்டுமே மிஞ்சியது. தொழிலாளருக்குச் சொல்லப்பட்ட விக்டோரியா கால அறவுரைகளுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. அத்தகைய அறவுரைகளை எழுதிய சாமுவேல் ஸ்மைல்ஸ் 1875இல் 'திரிஃப்ட்' என்ற பெயரிலேயே ஒரு நூல் எழுதினார்.

ஆனால் சேமிப்பு நிறுவனங்கள் பழைய பொருளைக் கைவிடவில்லை. ஸ்காட்லாந்தின் ரத்வெல் சிற்றூரில் ஹென்றி டங்கன் என்ற போதகர் 1810இல் சேமிப்பு வங்கி தொடங்கினார். வணிக வங்கிகள் 10 பவுன் கேட்ட காலத்தில் அங்கே 6 பென்ஸ் இருந்தால் கணக்குத் தொடங்கலாம். அதற்கு வட்டியும் உண்டு. ஏழையின் காசும் வளர வேண்டும் என்பதே ஏற்பாடு. நாணயத்திலும் அந்தப் பழைய பொருள் எட்டிப்பார்த்தது: பிரிட்டன் 1937இல் வெளியிட்ட பன்னிரண்டு பக்க மூன்று பென்ஸ் நாணயத்தில் 'திரிஃப்ட்' என்றே பெயர்கொண்ட செடி பூத்திருந்தது. உப்புக்காற்று அறையும் கடலோரப் பாறைகளிலும் தழைக்கும் செடி அது. சில்லறைக் காசுக்கு இதைவிடப் பொருத்தமான சிலேடை அமைவது அரிது.

தமிழில் இச்சொல் 'சிக்கனம்' ஆயிற்று. மிலானில் 1924இல் கூடிய சேமிப்பு வங்கிகள் மாநாட்டில் உருவான சேமிப்பு நாள், இந்தியாவில் அக்டோபர் 30 அன்று 'உலக சிக்கன நாள்' ஆகிறது. பணியாளர்களின் 'கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம்', இலங்கையின் 'சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம்' ஆகியவற்றிலும் இதே சொல்தான். இறுகப் பிடிக்கும் 'சிக்கென' என்பதன் சாயல் இதில் கேட்கிறது. நார்ஸ் வேரின் பற்றுதலுக்கு அது அணுக்கமானது. தழைத்தல் மட்டும் விடுபட்டுப்போனது. ஆனால் அச்சங்கங்களின் வேலையில் அது இருக்கிறது: மாதச் சம்பளத்தில் பிடித்த தொகை, உறுப்பினர் வீட்டுக் கல்யாணத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் கடனாகிறது.

ஆகவே பழைய ஆங்கில நூல்களைத் தமிழாக்குவோர் 'திரிஃப்ட்' என்று கண்டதும் 'சிக்கனம்' என்று எழுதிவிடக் கூடாது. ஷைலாக்கின் வாயில் அது 'ஆதாயம்' என்றே வர வேண்டும்.