வீட்டில் களி இருக்கு, கவலை பெருங்காயத்தில்: செலியாக் நோயோடு வாழ்வது எப்படி?

சித்தூர் மாவட்டம் குடுபல்லி, குப்பம் பக்கத்து ஊர்களில் ராகி சங்கட்டி புதிதில்லை. தமிழ் பேசும் வீடுகளில் அதுவே களி. இங்கே ஒருவரிடம் 'இனி வாழ்நாள் முழுக்க கோதுமை கூடாது' என்று மருத்துவர் சொன்னால், 'அவ்வளவுதானே' என்றுதான் முதலில் தோன்றும். சிக்கல் அதற்குப் பிறகுதான் தெரிய வரும்.

செலியாக் என்றால் என்ன?

கோதுமை, பார்லி, ரை தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. செலியாக் உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டால், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே சிறுகுடலைத் தாக்கும். சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோகும். வயிற்றுப்போக்கு, உப்புசம், எடை குறைவது ஆகியவை வழக்கமான அறிகுறிகள். சிலருக்கு வயிற்றுத் தொல்லையே இருக்காது. மாதக்கணக்கில் மாத்திரை போட்டும் சரியாகாத ரத்தசோகையாகவோ, வயதுக்கேற்ப வளராத குழந்தையாகவோதான் அது வெளியே தெரியும்.

நம்ம பக்கம் இது அபூர்வமா?

ஆமாம். ஆனால் இல்லாமல் இல்லை. இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,331 பேரிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. தெற்கே ஆய்வு நடந்த இடம் வேலூர். செலியாக்குக்கான எதிர்ப்பொருள் வடக்கில் 1.23%, தெற்கில் 0.10% பேரிடம் இருந்தது. நோய்க்கு இடம்தரும் மரபணு வகையோ இரு பக்கமும் ஏறத்தாழ சமம். வித்தியாசம் தட்டில் இருந்தது: கோதுமை வடக்கில் நாளுக்கு 455 கிராம், தெற்கில் 25 கிராம். சப்பாத்தியும் பரோட்டாவும் இங்கே இரவுச் சாப்பாடாகிவிட்ட நிலையில், இந்தக் கணக்கு அப்படியே நிற்குமா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

ரசத்துக்குள் கோதுமையா?

ரவை, சேமியா, மைதா, பிஸ்கட் என்று தெரிந்ததை ஒதுக்குவது சுலபம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு சேர்க்கிறார்கள். அப்படியானால் சாம்பார், ரசம் இரண்டும் போச்சு. அரிசி மாவில் செய்த பெருங்காயம் கிடைக்கிறது, பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சோயா சாஸ், பார்லி மால்ட் கலந்த பானங்களும் கூடாது.

அடுத்தது மாவு மில். கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் ராகியைப் போட்டால் கலப்படம்தான். 'குளூட்டன் இல்லாதது' என்று விற்க, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. அவ்வளவு சின்ன அளவு. வீட்டிலேயே மிக்ஸியில் அரைப்பது நல்லது.

"ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடும்?"

கல்யாணப் பந்தியில் இதைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். வடக்கில் பத்துப் பேருக்காவது இந்த நோயின் பெயர் தெரிந்திருக்கும். இங்கே நீங்கள்தான் ஒவ்வொரு அத்தைக்கும் விளக்க வேண்டும். அலுத்துப்போய் விசேஷங்களுக்கே போகாமல் இருப்பவர்கள் உண்டு. 'டயட்ல இருக்கேன்' என்று சொல்லாதீர்கள், உடம்பைக் குறைக்கிறீர்கள் என்று நினைத்து வற்புறுத்துவார்கள். 'எனக்கு மாத்திரை கிடையாது, கோதுமையை விடுறதுதான் மருந்து' என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். சமைப்பவரிடம் முந்தின நாளே பேசிவிடுங்கள். குழந்தை என்றால் வகுப்பு ஆசிரியரிடமும். மனச்சோர்வு நீடித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சந்தேகம் இருந்தால்?

பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், முடிவு தவறாக வரலாம். முதலில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை, பிறகு தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி வழியே சிறுகுடல் திசு எடுத்துப் பார்ப்பார்கள். உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகளுக்கும் ரத்தச் சோதனை செய்வது நல்லது.