சிக்குக் கோலமும் செதுக்கும் எந்திரமும்



சிரம்பானிலிருந்து கோலப்பிலாவுக்குப் போகும் வழியில் பிரிந்து சற்றுத் தூரம் சென்றால் ஸ்ரீ மெனாந்தி என்னும் ஊர் வரும். அங்கே நெகிரி செம்பிலான் அரசரின் பழைய மர அரண்மனை இன்றும் நிற்கிறது. 1902ஆம் ஆண்டில் தொடங்கி 1908இல் கட்டி முடித்தார்கள். காஹார், தாயிப் என்னும் இரு மலாய்த் தச்சர்கள் அதற்குத் தலைமை தாங்கினர். மொத்தம் 99 தூண்கள். உள்ளே சென்று நிமிர்ந்து பார்த்தால் கொடியும் இலையும் பூவுமாக உளிவேலையைக் காணலாம். ஒரு கொடி புறப்பட்டு, வளைந்து, பிரிந்து, பலகை முழுவதும் படர்ந்து செல்லும் இவ்வகை வேலையை மலாய்க் கலைஞர்கள் 'ஆவான் லாராட்' என்பார்கள்.

அந்தத் தச்சர்கள் உளி பிடித்த அதே ஆண்டுகளில்தான் நம் முன்னோர் இம்மாநிலத்தில் காடு வெட்டி ரப்பர் நட்டுக்கொண்டிருந்தனர். அவர்களுக்கு அரண்மனையும் இல்லை, தூணும் இல்லை. இருந்ததெல்லாம் லயத்து வீட்டின் முன்னே நான்கடி மண். அந்த நான்கடி மண்ணிலும் ஒரு செதுக்குவேலைக்கு நிகரான கலை நடந்தது. அதுதான் சிக்குக் கோலம். சிலர் கம்பிக் கோலம் என்பார்கள்; நெளிக் கோலம் என்பவர்களும் உண்டு. புள்ளியைத் தொடாமல், புள்ளியைச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் கோடு.

அரண்மனைச் செதுக்கு நூறாண்டு கடந்து நிற்கிறது. வாசல் கோலமோ உச்சிப்பொழுதுக்கு மேல் நிற்பதில்லை. மாவை எறும்பு கொண்டு போகும்; மீதியைப் பிள்ளைகளின் கால் அழித்துவிடும். நாம் இன்று பேச வந்தது இந்த வேறுபாட்டைப் பற்றித்தான். ஏனெனில், எழுதி வைக்காமல் போன ஒரு சித்திரக்கலை என்ன ஆகும் என்பதற்கு உலக வரலாற்றில் நல்ல சான்று ஒன்று இருக்கிறது. அது நமக்கு வெகு தொலைவிலுள்ள அயர்லாந்து நாட்டில் நிகழ்ந்தது.

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாழ்ந்த கெல்ட்டிய மக்களிடையே, ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன், பின்னல் சித்திரம் என்றொரு கலை ஓங்கி வளர்ந்தது. துறவிகள் கன்றுத் தோலைப் பதப்படுத்தி அதில் வேதநூலை எழுதினர். எழுத்தைச் சுற்றிலும் கயிறு பின்னியதுபோல் கோடுகளை இழுத்தனர். ஒரு கோடு மற்றொன்றின் மேலே ஏறும், அடுத்த இடத்தில் கீழே நுழையும், பின்னர் மறுபடியும் மேலே ஏறும். கி.பி. 800ஐ ஒட்டி எழுதப்பட்ட கெல்ஸ் நூல் இவற்றுள் பெரும்புகழ் பெற்றது. அதன் 340 ஏடுகள் இன்று டப்ளின் நகரில் டிரினிட்டி கல்லூரியில் உள்ளன. துறவிகள் தோலில் வரைந்ததைக் கற்சிற்பிகள் சிலுவைக் கற்களில் வெட்டினர்.

ஏறக்குறைய அக்காலத்தில்தான் நம் ஆண்டாள் நாச்சியார் திருமொழி பாடினார். தை மாதத்தில் தரையைத் துப்புரவாக்கி மண்டலம் இடுவதும் வெண்மணல் கொண்டு தெருவை அழகு செய்வதும் அதில் வருகின்றன. புள்ளி பற்றியோ கம்பி பற்றியோ அங்கே பேச்சில்லை. ஆகவே சிக்குக் கோலத்தின் வயதை அந்தப் பாட்டை வைத்துக் கணக்கிடுவோர் சற்று அவசரப்படுகிறார்கள் என்றே நாம் கூறுவோம். தரையைக் கோலமிட்டு அணிசெய்யும் வழக்கம் பழையது என்பதற்கு அது போதும். அதற்கு மேல் இழுக்க வேண்டியதில்லை.

அயர்லாந்துக்குத் திரும்புவோம். 12ஆம் நூற்றாண்டில் நார்மானியர் படையெடுப்புக்குப் பிறகு அந்நாட்டு மடங்களின் பழைய வாழ்வு மாறியது. பின்னல் சித்திரம் வரைந்த கைகளும் ஓய்ந்தன. சித்திரம் ஏட்டிலும் கல்லிலும் இருந்தது. ஆனால் அதை எங்கே தொடங்குவது, எப்படிக் கோடு தவறாமல் முடிப்பது என்ற முறையைச் சொல்லித்தர ஆளில்லை. பொறியியல் கற்ற ரோமிலி ஆலன் என்பவர் நூற்றுக்கணக்கான கற்களைப் பார்த்து அந்த இரகசியத்தைப் பிடித்தார். அவருடைய நூல்கள் 1903, 1904ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. அவர் கண்டது மிக எளிமையானது. முதலில் பாய் முடைவதுபோல் சாதாரணப் பின்னல் ஒன்றைப் போட வேண்டும். பிறகு சில குறுக்கீடுகளை வெட்டிவிட்டு, அறுந்த முனைகளைப் பக்கத்து முனையோடு சேர்த்துவிட வேண்டும். எங்கே வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து வெவ்வேறு முடிச்சுகள் பிறக்கும். அவருக்குப் பின்னர், ஸ்காட்லாந்தின் கர்க்கால்டி நகரில் ஓவிய ஆசிரியராக இருந்த ஜார்ஜ் பெய்ன் இம்முறையைப் பள்ளிப் பிள்ளைகளும் செய்யும்படி விளக்கி 1951இல் நூலாக்கினார். இன்று உலகெங்கும் கெல்ட்டிய முடிச்சு வரைபவர்களில் பெரும்பாலோர் அந்நூலின் வழிவந்தவர்களே.

எண்ணிப் பாருங்கள். முறை மறைந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின், முடிந்த சித்திரத்தைப் பார்த்தே முறையைத் திரும்பக் கண்டுபிடித்தார்கள். கல்லும் தோலும் இருந்ததால் அது முடிந்தது. மாவில் போட்டிருந்தால்?

நம் கோலமும் அந்தப் பின்னலும் கணக்கில் ஒன்றே. இதை நீங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நேர்ப்புள்ளியாக 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி வையுங்கள். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் கோடு குறுக்கிடும்படி கம்பி இழுங்கள். ஒரே கம்பியில் கோலம் முடிந்துவிடும். இனி 4 வரிசை, வரிசைக்கு 6 புள்ளி வைத்தால் இரண்டு கம்பி வேண்டும். 5க்கு 5 வைத்தால் ஐந்து கம்பி. இரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கும் மிகப்பெரிய எண் எதுவோ அதுவே கம்பிகளின் எண்ணிக்கை. பள்ளியில் மீப்பெரு பொதுக் காரணி என்று பிள்ளைகள் படிக்கிறார்களே, அதுதான் வாசலில் கிடக்கிறது.

5க்கு 5 கோலத்தை ஒரே கம்பியாக்க வேண்டுமானால் என்ன செய்வது? இரு வெவ்வேறு கம்பிகள் குறுக்கிடும் இடத்தை வெட்டி முனைகளை மாற்றிச் சேர்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். இப்படி நான்கு இடங்களைச் சரியாகத் தேர்ந்து வெட்டினால் ஐந்து கம்பியும் ஒன்றாகும். ரோமிலி ஆலன் கற்களைப் பார்த்துக் கண்டுபிடித்த வெட்டு இதுவேதான். புள்ளிகளுக்கு நடுவே சில இடங்களில் கோடு குறுக்கிடாமல் ஒதுங்கிப் போகிறதே, நம் பெண்கள் கேட்டு வாங்காத பட்டத்தோடு அதைத்தான் செய்து வந்தார்கள்.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதைக் கவனித்தது. தாம்பரத்திலுள்ள அக்கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, கோலத்தைக் கணிப்பொறிக்கு விளங்கும் இலக்கணமாக எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரையை 1974இல் ஓர் அயல்நாட்டு இதழில் வெளியிட்டனர். கிப்ட் சிரோமணி 1988இல் மறைந்தார். கம்பிக் கோலத்தைப் பற்றிய அவர்களது மற்றொரு கட்டுரை அடுத்த ஆண்டு வந்தது. அதன் கருத்து தோட்டத்துப் பெண்களுக்குப் புதிதாக இராது. கோலம் போடுபவர் முழுப் படத்தையும் மனத்தில் சுமப்பதில்லை. நேரே போ, வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு, புள்ளியை முழுதும் சுற்றி வா என்று சில அசைவுகளின் வரிசையாகவே கை அதை நினைவில் வைத்திருக்கிறது.

இந்த இடத்தில் எந்திரம் வருகிறது. 1940களின் இறுதியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கைகளைச் செய்துகொண்டிருந்தார். அவற்றின் வளைவைக் கையால் சீவிச் சரிபார்ப்பது பெருந்தொல்லை. வளைவை எண்களாகக் கொடுத்து எந்திரத்தையே நகர்த்தினால் என்ன என்று அவர் எண்ணினார். அமெரிக்க விமானப்படை பணம் தந்தது. மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் அந்த வேலையை எடுத்துக்கொண்டு, 1952இல் துளையிட்ட காகித நாடாவைப் படித்து உலோகத்தை வெட்டும் எந்திரத்தை மக்களுக்கு இயக்கிக் காட்டியது. அந்த எந்திரம் ஓர் அறையை அடைத்துக்கொண்டது. இன்று அதன் பேரப்பிள்ளை மேசைமேல் அடங்குகிறது. பொழுதுபோக்காக மரம் செதுக்குபவர்கள் வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். சி.என்.சி. என்று நம் பிள்ளைகள் தொழிற்பயிற்சி நிலையங்களில் படிப்பதும் இதைத்தான்.

அந்த எந்திரத்துக்குத் தெரிந்த சொற்கள் மிகக் குறைவு. நேர்க்கோட்டில் போ, கடிகாரம் சுற்றும் பக்கமாக வளை, எதிர்ப்பக்கமாக வளை. முக்கியமானவை இவ்வளவுதான். கோலம் போடும் கையின் அசைவுகளும் இவையே என்பதைக் கவனியுங்கள். ஒரு சிக்குக் கோலத்தைப் பலகையில் வெட்ட, புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரமும் அசைவுகளின் வரிசையும் தெரிந்தால் போதும்.

ஆனால் மரத்தில் செதுக்கும்போது மாவில் இல்லாத ஒன்று சேருகிறது. அது ஆழம். கோடு கயிறுபோல் தோன்ற வேண்டுமானால், ஒரு குறுக்கீட்டில் மேலே ஏறிய கம்பி அடுத்ததில் கீழே இறங்க வேண்டும். எல்லா இடத்திலும் இது ஒத்துவருமா, எங்காவது இரண்டு 'மேல்' மோதிக்கொள்ளாதா என்று ஐயம் எழலாம். மோதாது. எத்தனை கம்பியாக இருந்தாலும், எவ்வளவு சிக்கலாக இருந்தாலும், ஒவ்வொரு கம்பியும் தொடங்கிய இடத்தில் வந்து முடியும் கோலத்தில் மேல், கீழ், மேல், கீழ் என்பது தவறாமல் கூடிவரும். இது கணிதத்தில் மெய்ப்பிக்கப்பட்ட செய்தி. ஆகவே கணிப்பொறியில் உரு அமைப்பவர் கம்பியின் வழியே அலைபோல் ஏற்ற இறக்கத்தைக் கொடுத்துவிடுவார். முதலில் தடித்த வெட்டுமுனை வேண்டாத மரத்தை அகற்றும். பின்னர் உருண்டை நுனி கொண்ட சிறிய முனை, மயிரிழை மயிரிழையாக நகர்ந்து கம்பியின் முதுகை வழவழப்பாக்கும். ஒரு சாண் பலகைக்கே மணிக்கணக்கில் நேரம் செல்லும். அவசரப்பட்டால் மரம் பிசிறும்.

ஆழத்தைப் பற்றித் தோட்டத்து மக்களுக்கு நாம் சொல்லித்தரத் தேவையில்லை. ரப்பர் மரத்தில் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே இருக்கும் உயிர்த்தோலுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு விட்டு நிற்க வேண்டும் கத்தி. நின்றால் பால் நிறைய வரும். மீறினால் மரத்துக்குக் காயம், பட்டை மறுபடி வளரும்போது முண்டும் முடிச்சுமாகும். விடிவதற்கு முன், தலைவிளக்கின் வெளிச்சத்தில், நிரைக்கு நிரை ஓடி அந்த ஒரு மில்லிமீட்டரைக் காத்த கைகள் நம் தாய்மாருடையவை. எந்திரத்தில் அதே வேலையை ஒரு மோட்டாரும் திருகுதண்டும் செய்கின்றன.

அந்த மரத்துக்கும் இதில் பங்குண்டு. 25, 30 ஆண்டு பால் தந்து ஓய்ந்த ரப்பர் மரத்தை முன்பு வெட்டி விறகாக்கினார்கள். புகைக்கூடத்தில் ரப்பர்த் தாள் காயவைக்க எரித்தார்கள். வெட்டிய சில நாளில் பூஞ்சணம் பிடிக்கும், வண்டு துளைக்கும் என்பதால் தச்சர்கள் அதை விலக்கினர். போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தோடு மரத்துக்குள் ஏற்றி உடனே உலர்த்தும் முறை பரவிய பிறகு, 1980களிலிருந்து அது மலேசிய நாற்காலி மேசைத் தொழிலின் முக்கிய மரமாயிற்று. வெளிர்நிறம், சீரான இழை. சிறு செதுக்குக்கு ஏற்றது. மழைபடும் இடத்தில் மட்டும் வைக்கலாகாது.

இவ்வளவும் கேட்டு, வாசல் கோலத்தைப் பலகையில் ஏற்றி என்ன பயன் என்று சிலர் முகம் சுளிக்கலாம். கோலம் அழிவதற்காகவே போடப்படுவது என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வாதம் அழகானதுதான். மறுநாள் காலையில் மறுபடியும் போட ஆள் இருக்கும் வரையில் அது பொருந்தும். நம் நிலை அப்படியா? லாபு, நீலாய் பக்கத்துத் தோட்டங்கள் பல வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் போயின. 1998இல் திறக்கப்பட்ட சிப்பாங் விமான நிலையத்துக்காகவும் தோட்டங்கள் எடுக்கப்பட்டன. லயத்தை விட்டுப் போன குடும்பங்களில் பலவும் அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றன. அங்கே மண் வாசல் இல்லை. சிமெந்து நடைபாதைதான், அதுவும் பத்து வீட்டுக்குப் பொது. ஒட்டிவைக்கும் கோலத்தாள் கடையில் கிடைக்கிறது. 21 புள்ளிக் கோலத்தைத் தாள் பாராமல் போடத் தெரிந்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள், கேட்பார்தான் குறைவு. அயர்லாந்துக்காரர்களுக்குக் கல் இருந்தது, கை இல்லை. நமக்குக் கை இருக்கிறது, கல் இல்லை. இவ்விரண்டில் நம் நிலையே நல்லது. ஆனால் அந்தக் கைகளுக்கு எழுபது, எண்பது வயதாகிவிட்டது.

ஆகவே ஒரு வேலை சொல்கிறோம். இதற்கு எந்திரம் வேண்டியதில்லை. வீட்டிலுள்ள மூத்த பெண்மணி ஒருவரிடம் ஓர் இளையவர் உட்கார வேண்டும். கோலத்தைப் பார்த்து வரைந்துகொள்வது போதாது. எத்தனை புள்ளியில் தொடங்கி எத்தனையில் முடிகிறது, நேர்ப்புள்ளியா, இடுக்குப்புள்ளியா, கை முதலில் எந்தப் புள்ளியில் இறங்குகிறது, எந்தெந்த இடத்தில் கோடு குறுக்கிடாமல் ஒதுங்குகிறது, கம்பி எத்தனை என்று குறிக்க வேண்டும். அக்கோலத்துக்கு அவர்கள் வழங்கும் பெயரையும், யாரிடம் எந்தத் தோட்டத்தில் கற்றார்கள் என்பதையும் கேட்டு எழுத வேண்டும். பேசிக்கொண்டே போடச் சொல்லாதீர்கள்; பேசினால் கை தடுமாறும். முதலில் போடட்டும், இரண்டாம் முறை போடும்போது கேளுங்கள். கட்டம் போட்ட கணக்கு ஏடே இதற்கு ஏற்றது. ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டத்தில் புள்ளி வைத்தால் கோடு ஓட இடமிருக்கும். 15 புள்ளிக்கு மேற்பட்ட கோலத்துக்கு இரண்டு பக்கங்களைச் சேர்த்து ஒட்டிக்கொள்ளலாம்.