சூளையும் சங்கமும்

விருத்தாசலத்துக்கு வரும் வெளியூர் நண்பரை முதலில் எங்கே அழைத்துச் செல்கிறார்கள்? கோயிலுக்கு. கோபுரத்தைக் காட்டுகிறார்கள், மணிமுத்தாற்றைக் காட்டுகிறார்கள், இந்த ஆற்றில் மூழ்கினால் இன்ன பாவம் போகும் என்று விளக்கம் தருகிறார்கள். முதுகுன்றம், பழமலை என்ற அழகு தமிழ்ப் பெயர்கள் இருக்க, அவற்றையே வடமொழியில் பெயர்த்து 'விருத்தாசலம்' என்று சூட்டிய கதையைக் கேட்டால், சற்றே தயங்கி அதையும் சொல்கிறார்கள். ஆனால், சூளையை மட்டும் காட்டுவதில்லை!

அந்தச் சூளை மாபெரும் சிற்பமல்ல. தல புராணம் அதற்கில்லை. மண்ணும் தீயும் மனிதன் உழைப்பும் கூடும் இடம், அவ்வளவே. ஆனால் ஊரில் எத்தனையோ வீடுகளில் உலை கொதிப்பது அந்தச் சூளையின் வெப்பத்தால். மின்சாரக் கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான், வீட்டுச் சுவரில் ஃபியூஸ் கட்டை, கழிப்பறைச் சாதனம், கோப்பை, பொம்மை, அகல் விளக்கு என்று நம் அன்றாட வாழ்வில் கலந்த பொருள்கள் பீங்கான் தொழிலின் பிள்ளைகள். அத்தொழிலுக்கென்றே ஒரு தொழிற்பேட்டையும், அத்தொழில் நுட்பத்தைக் கற்பிக்க ஓர் அரசினர் பயிலகமும் கொண்ட ஊர் இது. கோபுர வரலாற்றை எழுதப் புலவர் பலர் உண்டு. சூளையின் வரலாற்றை நாம் எழுதுவோம்.

மண் கலம் செய்தல் தமிழனுக்குப் புதிதன்று. புறநானூற்றுப் புலவர்கள் குயவனை 'வேட்கோ' என்று விளித்தனர். கோ என்ற சொல் அரசனுக்கும் உரியது. அன்று குயவனுக்கும் உரியதாக இருந்தது. கொடுமணலிலும் கீழடியிலும் மண்ணைத் தோண்டியபோது கிடைத்தவை என்ன? பொற்குவியலா? இல்லை, பானை ஓடுகள். அந்த ஓடுகளில் கீறப்பட்டிருந்த தமிழ் எழுத்துகள்! ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்நாட்டில் எளிய மக்களும் எழுத்தறிந்திருந்தனர் என்று உலகுக்குச் சாட்சி கூறியவன் மன்னன் அல்லன், மறையோனும் அல்லன். பெயர் தெரியாத ஒரு குயவன் வனைந்த பானையே அச்சாட்சி.

அந்த வேட்கோவின் வழிவந்தவன் பிறகு என்ன ஆனான்? தொழில் பிறப்போடு பூட்டப்பட்டது. பானை செய்பவன் மகன் பானைதான் செய்ய வேண்டும். உழுபவன் மகன் உழவேண்டும். வேதம் ஓதுபவன் மகன் மட்டும் எதையும் கற்கலாம் என்று வருணதருமம் வகுத்தது. இடைக்காலத்தில் இந்நாட்டில் சங்கங்கள் இல்லாமலா போயின? இருந்தன. ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார், அஞ்சுவண்ணத்தார் என்ற வணிகக் குழுக்கள் கடல் கடந்து வாணிபம் செய்தன. சுமத்திரா தீவின் பாரூசில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இன்றும் ஐந்நூற்றுவர் புகழைப் பேசுகிறது. ஆனால் அதே இடைக்காலத்துக் கொங்கு நாட்டுக் கல்வெட்டு ஒன்று கூறும் செய்தியைக் கேளுங்கள். கம்மாளர் தம் வீட்டு நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதவும், காலில் செருப்பணியவும், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசவும் மன்னன் உரிமை வழங்கினானாம்! வழங்கினான் என்றால் அதுவரை அவ்வுரிமை இல்லை என்பதுதானே பொருள்? மாளிகை கட்டியவனுக்குத் தன் சுவரில் சாந்து பூச அரசாணை வேண்டியிருந்தது! வணிகனின் சங்கம் கடலைக் கடந்தது. கைவினைஞன் வீட்டு வாசற்படியைச் செருப்போடு கடக்க முடியவில்லை.

மேனாட்டிலும் மண்ணை நம்பி வாழ்ந்த ஊர்கள் உண்டு. இங்கிலாந்தின் ஸ்டாபோர்டுஷயர் மாவட்டம் அத்தகையது. அங்கே பர்ஸ்லம் என்னும் ஊரில், குயவர் குடும்பத்தில், 1730ஆம் ஆண்டு பிறந்தவர் ஜோசையா வெட்ஜ்வுட். ஒன்பது வயதில் தந்தையை இழந்து சூளைக்கு வேலைக்கு வந்தார். அம்மை நோய் அவருடைய காலை வாட்டியது. பின்னர் அந்தக் காலையே வெட்டி எடுத்தனர். கால் போனது, கருத்துப் போகவில்லை. களிமண்ணை எடை போட்டார். கலவையை மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்தார். ஒவ்வொரு சோதனையையும் எழுதி வைத்தார். சூளையின் கடும் வெப்பத்தை அளக்க ஒரு கருவி கண்டார். 1783இல் அந்நாட்டின் தலைசிறந்த அறிவியல் கழகமாகிய ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. குயவன் மகன் விஞ்ஞானியானான்! அங்கே ஏழை பணக்காரன் வேற்றுமை இல்லை என்பதல்ல, நிறைய இருந்தது. ஆனால் மண்ணைத் தொட்டவன் மறுபிறவி எடுத்தால்தான் உயரலாம் என்று சொல்ல அங்கே மனு இல்லை.

வெட்ஜ்வுட் தனி மனிதராக மட்டும் வெற்றி பெறவில்லை. அவர் செய்த பெரிய செயல், தம் தொழிலாளரையும் போட்டியாளரையும் ஒன்றுகூட்டியது. அந்நாளில் பீங்கான் கோதுமைக் கதிர் போல எளிதில் ஏற்றி அனுப்பும் சரக்கு அல்ல. குதிரை முதுகில், குண்டும் குழியுமான வழியில், நூறு கலம் கிளம்பினால் உடையாமல் போய்ச்சேருபவை எத்தனை என்பது ஆண்டவனுக்கே தெரியாது! உற்பத்தியாளர் கூடிப் பேசினர். டிரென்ட், மெர்சி ஆறுகளை இணைக்கும் கால்வாய் வேண்டும் என்று பாராளுமன்றத்தை அணுகினர். 1766இல் சட்டம் நிறைவேறியது. 1777இல் கால்வாய் முடிந்தது. தொலைவிலிருந்து களிமண் நீர்வழியே வந்தது. கலங்கள் உடையாமல் துறைமுகம் சென்றன. தனி ஒருவன் கேட்டால் விண்ணப்பம். ஊரே கூடிக் கேட்டால் கால்வாய்! சங்கத்தின் வலிமை இது.

1785இல் அவர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். பிரிட்டனின் உற்பத்தியாளர் அனைவருக்கும் பொதுவான சங்கம் ஒன்றை அமைப்பதில் முன்னின்றார். பிரதமர் பிட் கொண்டுவந்த அயர்லாந்து வாணிபத் திட்டத்தை அது எதிர்த்தது. ஆனால் அடுத்து, பிரான்சு நாட்டுடன் வாணிப ஒப்பந்தம் வந்தபோது என்ன நடந்தது? புதுத்தொழிலாருக்கு அது இலாபம், பழந்தொழிலாருக்கு அது நட்டம். சங்கம் இரண்டு பட்டது, விரைவில் கலைந்தது. வரியையும் இலாபத்தையும் மட்டும் பேசக் கூடியவர்கள், வரியாலும் இலாபத்தாலுமே பிரிந்தார்கள்.

இன்னொரு பக்கத்தையும் புரட்டுவோம். பளபளக்கும் அக்கோப்பைகளைச் செய்த கைகளில் பிஞ்சுக் கைகளும் இருந்தன. 1863ஆம் ஆண்டு குழந்தைத் தொழில் விசாரணைக் குழுவின் அறிக்கையில் வில்லியம் வுட் என்ற ஒன்பது வயதுச் சிறுவன் வருகிறான். எட்டு வயது நிரம்பும் முன்பே சூளைக்கு வந்தவன். அச்சில் வார்த்த ஈரக்கலத்தைத் தூக்கிக்கொண்டு உலர்த்தும் அறைக்கு ஓடவேண்டும். வெற்று அச்சோடு திரும்பி ஓடிவர வேண்டும். காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது வரை அந்த ஓட்டம்! சீமாட்டி தேநீர் அருந்திய கோப்பையில் அச்சிறுவனின் வியர்வை கண்ணுக்குத் தெரியவில்லை.

அதே ஆண்டுதான், வெட்ஜ்வுட் நிறுவனம் உள்ளிட்ட இருபத்தாறு உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடி அரசுக்கு ஒரு விண்ணப்பம் அளித்தனர். குழந்தைகளின் வேலை நேரத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்துங்கள் என்பது அதன் சாரம். முதலாளிகளா கேட்டார்கள் என்று வியப்பாக இருக்கும். அவர்கள் காட்டிய காரணம் உண்மையானது: போட்டி நிறைந்த சந்தையில் ஒருவன் மட்டும் சிறுவனை வீட்டுக்கு அனுப்பினால் அவன் சரக்கு விலை ஏறும், பக்கத்துச் சூளைக்காரன் பிழைத்துக்கொள்வான், எல்லோரையும் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தால்தான் எவரும் நட்டப்படார். தனியாக நின்றவனுக்கு நல்லவனாக இருக்க இயலவில்லை. கூடி நின்றபோது இயன்றது! 1864இல் சட்டம் பீங்கான் தொழிலையும் தழுவியது. குழந்தைக்கு அரை நாள் வேலை, அரை நாள் பள்ளி என்றாயிற்று. 1869இல் வெட்ஜ்வுட் பெயரால் பர்ஸ்லம் நகரில் ஒரு கல்விநிலையம் திறக்கப்பட்டது. கலையும் அறிவியலும் அங்கே கற்பிக்கப்பட்டன. வரிக்காகக் கூடிய சங்கம் இரண்டு ஆண்டுகளில் மறைந்தது. கல்விக்காக எழுந்த கட்டடம் தலைமுறைகளைக் கண்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னையில் வணிகர்களின் சேம்பர் 1836ஆம் ஆண்டு தோன்றியது. அதைக் கூடாது என்று எவரும் தடுக்கவில்லை. தொழிலாளர் சங்கம் எப்போது தோன்றியது? 1918இல், அதே சென்னையில், வாடியா, திரு.வி.க. முதலானோர் முயற்சியால். உடனே வந்தவை பூட்டுகள், வழக்குகள், தடையாணைகள்! சங்கம் வைப்பது குற்றமன்று என்று தொழிலாளிக்குச் சட்டம் காப்பளித்தது 1926இல். முதலாளி கூடுவதற்கும் தொழிலாளி கூடுவதற்கும் இடையே தொண்ணூறு ஆண்டு இடைவெளி! உற்பத்தியாளர் சங்கத்தைப் போற்றும்போது இந்தக் கணக்கையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

போற்றத் தக்கவையும் உண்டு. கோவை ஆலையதிபர்கள் 1933இல் தென்னிந்திய ஆலையதிபர் சங்கம் கண்டனர். அவர்கள் துணையோடு 1956இல் ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் உருவாயிற்று. நூலின் வலிமையை ஆராயத் தனித்தனி ஆலை தனித்தனி ஆய்வுக்கூடம் வைக்க முடியாது. ஆலைகள் சேர்ந்தால் முடியும். சிறுதொழிலார் 1969இல் கொடிசியா என்ற சங்கமாகக் கூடினர். பெரிய ஆலைக்கே கூட்டு தேவைப்பட்டது என்றால், நான்கு பேரை வைத்து அச்சு வார்க்கும் சிறு பட்டறைக்கு அது எத்துணை இன்றியமையாதது!

பீங்கானுக்கு இது பன்மடங்கு பொருந்தும். பானைச் சூளையின் வெப்பம் பெரும்பாலும் ஆயிரம் டிகிரியை எட்டுவதில்லை. பீங்கான் சூளை ஆயிரத்து இருநூறைத் தாண்டிச் செல்லும். வெறுங் களிமண் போதாது. படிகக்கல்லும் ஃபெல்ஸ்பாரும் அளவறிந்து கலக்க வேண்டும். கடுந்தீயில் ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி நுண்துளைகளை அடைக்கும். அதனால்தான் பானையில் கசியும் நீர் பீங்கானில் கசிவதில்லை. நெய்வேலியில் 1957இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரிச் சுரங்கம், கரிக்கு மேலே கிடந்த வெள்ளைக் களிமண்ணையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. மண் அருகிலேயே கிடைக்கிறது. ஆனால் மண் தானே பீங்கானாகாது. அளவு தெரியவேண்டும், வெப்பம் தெரியவேண்டும். அந்த அறிவு, மந்திரத்தால் வருவதா? மரபால் மட்டும் வருவதா? கற்பதால் வருவது!

இங்கேதான் 1953ஐ நினைக்காமல் இருக்க முடியவில்லை. கிராமப் பள்ளிகளில் நாளுக்கு மூன்று மணி நேரப் படிப்பு. மிச்ச நேரம் தந்தையின் தொழிலைக் கற்க வேண்டும் என்று அன்றைய முதலமைச்சர் ஆச்சாரியார் திட்டம் தந்தார். நாடு அதைக் குலக்கல்வி என்று அழைத்தது. பெரியார் போர் தொடுத்தார். திராவிட இயக்கம் கிளர்ந்தெழுந்தது. 1954இல் ஆச்சாரியார் விலகினார், காமராசர் வந்தார், திட்டம் வீழ்ந்தது.

'மேனாட்டிலும் அரை நாள் பள்ளிதானே வைத்தார்கள்?' என்று கேட்போர் உண்டு. நன்றாகப் பாருங்கள், தோழர்களே! அங்கே நாளெல்லாம் சூளையில் ஓடிக்கொண்டிருந்த சிறுவனை அரை நாளேனும் பள்ளிக்கு இழுத்து வந்தது சட்டம். இங்கே பள்ளியில் அமர்ந்திருந்த சிறுவனை அரை நாள் குலத்தொழிலுக்குத் துரத்தியது திட்டம். இரண்டும் அரை நாள்தான். ஒன்று ஏணி, மற்றொன்று சறுக்கு. மேலும், அங்கே குயவன் மகன் குயவனாகவே இருக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை.

குலக்கல்விக்கு உண்மையான மறுமொழி மேடையில் மட்டும் இல்லை. விருத்தாசலத்தின் பயிலகத்திலும் இருக்கிறது. அங்கே மண் பிசையும் மாணவனை எவரும் 'உன் தகப்பன் குயவனா?' என்று கேட்பதில்லை. உழவன் மகனும், வண்ணார் மகனும், ஆதித்திராவிடர் மகனும் ஒரே மேசையில் களிமண்ணை நிறுக்கிறார்கள். குயவர் மகன் விரும்பினால் பீங்கான் படிக்கலாம். விரும்பினால் மருத்துவம் படிக்கலாம். தொழில் பிறப்பிலிருந்து பிரிந்து படிப்போடு சேர்ந்தது. ஆயிரம் ஆண்டு மனு தருமத்தை ஒரு வகுப்பறை உடைக்கிறது!

ஆனால் படித்து வெளிவரும் அந்த இளைஞனுக்கு ஊரிலேயே வேலை இருக்குமா? இருந்தாலும் அவ்வேலை அவனை வாழவைக்குமா? இந்தக் கேள்விக்குப் பயிலகம் மட்டும் விடை சொல்ல முடியாது; உற்பத்தியாளர் சங்கம்தான் சொல்லவேண்டும். எந்த ஊர்ச் சங்கமானாலும் அதை அளக்க நம்மிடம் கோல் உண்டு. பட்டறைகளுக்குப் பொதுவான சூளையையும் சோதனைச்சாலையையும் காக்கிறதா? பயிலகத்து மாணவனுக்குச் சாதி கேளாமல் இடம் தந்து, ஊதியத்தோடு பயிற்சி அளிக்கிறதா? 1961ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டம் ஏட்டில் உறங்காமல் பட்டறையில் விழித்திருக்கிறதா? மண் தூசு நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கும் சிலிகோசிஸ் நோயை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே எச்சரித்துப் பட்டியலிட்டதே, அந்தத் தூசை அடக்க வழி செய்கிறதா? தொழிலாளர் சங்கத்தோடு ஒரே மேசையில் அமர்கிறதா?

ஆம் என்றால் அது சங்கம். வரிக் குறைப்புக்கு மட்டும் விண்ணப்பம் எழுதுவது என்றால், அது 1787இன் கதையை மறுபடி நடத்தும் கூட்டம்.

தோழர்களே! அடுத்த முறை விருத்தாசலத்துக்கு நண்பர் வந்தால் சூளைக்கும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே, முகத்தில் வெண்தூசு படிய, அச்சிலிருந்து கலத்தை எடுக்கும் இளைஞனைக் காட்டுங்கள். வேட்கோ என்ற பழம்பெயரை அவனிடம் சொல்லுங்கள். புகழுக்காக அல்ல, அப்பெயருக்கு உரிய கூலியையும், கல்வியையும், காற்றையும் கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு என்பதற்காக.