சட்ட நூலகத்தில் ஆய்வுத் தரவுச் சேவை

சட்ட ஆய்வாளர்கள் திரட்டும் தீர்ப்புத் தொகுப்புகள், நேர்காணல் பதிவுகள், அட்டவணைகள் போன்றவற்றை ஒழுங்குபடுத்திக் காத்துப் பகிர உதவும் நூலகப் பணி. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் 2017இல் திறக்கப்பட்ட குவா கியோக் சூ சட்ட நூலகம் இருந்தாலும், அப்பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் தரவுக் களஞ்சியம் எல்லாத் துறைகளுக்கும் பொதுவானது.

பணி தொடங்குவோருக்குச் சிங்கப்பூரில் பெரிய துணை 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். முறையாக அணுகக் கிடைத்த படைப்புகளைக் கணினிவழிப் பகுப்பாய்வுக்காகப் படியெடுக்கலாம். தரவுத்தள நிறுவனத்தின் ஒப்பந்தம் தடுத்தாலும் அந்தத் தடை செல்லாது. படியை ஊரறியப் பகிர மட்டும் இடமில்லை. பகுப்பாய்வு முடிவைச் சரிபார்ப்பவருக்கும் கூட்டாய்வாளருக்கும் தரலாம்.

சேமிப்பிடம் வாங்குவது எளிது. கடினம் நேர்காணல்களில்தான்: பெயரை நீக்கினாலும், நீக்காமல் விட்டுப்போன ஒரு வழக்கு எண் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.